பத்து நாள் மாத்திரை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலையில் சின்னவன் செய்த காரியம் அவனுக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போயிருந்த நேரத்தில், அவளுடைய அலமாரியின் மேல்தட்டில் இருந்த தூக்க மாத்திரை அட்டைகளை எடுத்தான். ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான். காலி அட்டைகளை வேலைக்குப் போகும் வழியில் குப்பைத் தொட்டியில் எறிந்தான்.

அவன்மேல் கோபப்படவும் நமக்கு மனம் வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்புதான் அம்மா தூக்கக் கலக்கத்தில் குளியலறை வாசலில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். அதற்கு முந்தின வாரம் அடுப்பில் பாலை வைத்தவள், பாத்திரம் கருகி வீடு முழுக்கப் புகை சூழும் வரை அதை நினைக்கவே இல்லை. எல்லாம் அந்த மாத்திரை செய்கிற வேலை என்று சின்னவன் முடிவு கட்டினான். அக்காவிடம் போய் நிறுத்தச் சொல்லிக் கேட்டான். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெரியவள், "இந்த வயசுல அவங்க தூங்கறதே பெருசு, விட்டுடு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்படியானால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவன்தான் அலமாரியைத் திறந்தான்.

இன்று திங்கட்கிழமை. நாலாவது நாள்.

அம்மா ஜன்னலோரம் மேசையில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாக அவளுக்குப் பிழை திருத்துகிற வேலை. பதிப்பகத்திலிருந்து அச்சுக்குப் போகும் முன் வரும் தாள்களைப் படித்து, சிவப்புப் பேனாவால் தப்பைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கையில் இருந்தது ஆறாம் வகுப்பு அறிவியல். மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

ஒரு பக்கம்கூட நகரவில்லை. எழுத்துகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஒரு வரியின் புள்ளிகள் பிரிந்து அடுத்த வரிக்கு எறும்பு போல ஊர்ந்தன. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. திரையை இழுத்துவிட்டாள். அடுக்களையில் குழாய் சொட்டுகிற சத்தம் யாரோ தகரத்தில் அடிப்பதுபோலக் கேட்டது. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி ஒரு ருசி. மூன்று இரவாகக் கண்ணை மூடவில்லை. விரல் நடுக்கத்தில் சிவப்புக் கோடு வரியைத் தாண்டி ஓடியது.

சின்னவன் வாசலில் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது மணிக்கு ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இருக்க வேண்டும். அம்மா நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, எதற்கெடுத்தாலும் திடுக்கிடுகிறாள் என்பதையெல்லாம் அவன் கவனிக்காமல் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் சிரமம் இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தான். அவன் சிகரெட்டை விட்டது அப்படித்தான்.

உள்ளே நாற்காலி விழுந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது அம்மா தரையில் கிடந்தாள். உடம்பு விறைத்துப் பலகை மாதிரி இருந்தது. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன. உதடு நீலம் பாரித்தது. இரண்டு நிமிடம் இருக்கும். அவனுக்கு அது ஒரு யுகம். வேலையிடத்தில் எப்போதோ கொடுத்த பயிற்சியில் ஒரு பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. திருப்பிப் போட்டான். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டபோது வீட்டு முகவரி நாக்கில் வரவில்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா, தலையில் அடி பட்டதா, இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, பக்கவாதம் குடும்பத்தில் யாருக்காவது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். கடைசியாக, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்.

"பிரஷர் மாத்திரை மட்டும்தான்," என்றான் சின்னவன்.

"வேற ஒண்ணும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"வேற இல்ல டாக்டர்."

பொய் சொல்கிறோம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. இப்போது அம்மா சாப்பிடுவது அது ஒன்றுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

பெரியவள் கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். மருந்து தெரிந்தவள் என்பதால் டாக்டர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவளும் பிரஷர் மாத்திரையின் பெயரையும் அளவையும் சொல்லி நிறுத்திக்கொண்டாள். தூக்க மாத்திரை அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அம்மா அதை வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். அதனால் வலிப்பு வராது, அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னால் மட்டும், யார் எழுதிக் கொடுத்தது, சீட்டு எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

சீட்டு இருந்தது. ஒன்பது வருடப் பழசு. அப்பா இறந்த வாரத்தில் அம்மா கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கூடத்தில் நடந்ததைப் பார்த்து, ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். இரவில் அரை மாத்திரை, பத்து நாளைக்கு.

பத்து நாள் முடிந்ததும் அம்மா, இன்னும் ஒரு வாரம் இருந்தால் நன்றாக இருக்குமே என்றாள். பெரியவள் கொண்டுவந்து கொடுத்தாள். எந்த மகள் மாட்டேன் என்பாள்? அந்த ஒரு வாரம் எப்போது ஒரு வருடமானது என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது வருடம் அரை போதவில்லை, ஒன்றானது. ஐந்தாவது வருடம் அந்த ஒன்றும் போதவில்லை, இரண்டானது. போன வருடத்திலிருந்து மதியமும் ஒன்று. அது இல்லாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது என்றாள் அம்மா. அளவு ஏறிக்கொண்டே போவது எதற்கு அறிகுறி என்று பெரியவள் படித்தவள்தான். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். அம்மாவை அந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, உப்பு எல்லாம் சரியாக இருந்தன. அக்காவும் தம்பியும் நடைக்கூடத்தில் இரும்பு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறை பற்றிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு வார்டுக்குள் ஆட்கள் ஓடினார்கள். கட்டிலின் கம்பி கடகடவென்று அதிர்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு மறுபடி வலிப்பு.

சின்னவன் எழுந்து நின்றான். எதிரே இருந்த சுவரைப் பார்த்தே பேசினான்.

"அக்கா, அந்தத் தூக்க மாத்திரைய நான் தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. இருந்தது எல்லாத்தையும்."

தன்னைத் திட்டுவாள், ஏன், ஓர் அறைகூட விழும் என்று எதிர்பார்த்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒன்பது வருடம், ஒரு நாளைக்கு மூன்று, நாலு நாளாக நின்றுபோயிருக்கிறது என்று அவள் டாக்டரிடம் மூச்சுவாங்கச் சொல்வது வெளியே கேட்டது. அடுத்த நிமிடம் உள்ளே எல்லோருடைய குரலும் மாறியது. ஒரு நர்ஸ் சாவிக் கொத்தோடு மருந்து அலமாரிக்கு ஓடினாள். அம்மாவின் உடம்பு எதற்காக ஏங்கித் தவித்ததோ, அதே வகை மருந்தைத்தான் ஊசியில் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது.

இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், மெதுவாகப் பேசுகிற பெண்மணி. இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, காலையிலேயே இது தெரிந்திருந்தால் இரண்டாவது வலிப்பு வந்திருக்காது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று பின்னால் பெரியவள் நினைத்துக்கொண்டாள்.

"மாத்திரை கெட்டதுன்னுதானே டாக்டர் நிறுத்தினேன்," என்றான் சின்னவன். "நிறுத்தினா நல்லதுதானே நடக்கணும்?"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு அடங்கி ஓய்வெடுக்கத் தனக்கென்று ஒரு பிரேக் உண்டு. இந்த மாத்திரை வெளியிலிருந்து அந்தப் பிரேக்கை அழுத்திக் கொடுக்கிறது. முதலில் சுகமாகத் தூக்கம் வரும். நாள் போகப்போக, யாரோ எந்நேரமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று மூளை தெரிந்துகொள்கிறது. தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. ஈடுகட்ட வேகத்தையும் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. அதைத் திடீரென்று எடுத்துவிட்டால், தளர்ந்த பிரேக்கும் கூடிப்போன வேகமும்தான் மிச்சம். கை நடுக்கம், தூக்கமின்மை, பயம், கடைசியில் வலிப்பு. இதில் உயிரே போனவர்கள் உண்டு.

சின்னவனுக்குத் தன் தொழிலை வைத்தே அது புரிந்தது. லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம், அதற்கு ஈடாக இரும்புப் பாளங்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். பெட்டி கனமாக இருக்கிறதே என்று அதன் கயிற்றை அறுத்துவிட்டால், மறுபக்கத்து எடை சும்மா நிற்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"அப்ப எங்கம்மா அதுக்கு அடிமையா டாக்டர்?" கைக்குள்ளிருந்தே கேட்டான்.

"ஆசைப்பட்டு அவங்க சாப்பிடலப்பா. அது இல்லாம நிக்கறதுக்கு அவங்க உடம்பு மறந்துபோச்சு. மறுபடி கத்துக்கும், ஆனா அவசரப்படுத்த முடியாது. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணும். பத்து மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

பிறகு பேனாவைத் திறந்தபடியே, இத்தனை வருடம் யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். சின்னவன் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். கண்ணாலேயே வேண்டாம் என்றான். ஏதோ ஒரு டாக்டர் பெயரைச் சொல்லிவிடலாம் என்று அவன் கண் கெஞ்சியது.

"யாரும் எழுதிக் கொடுக்கல," என்றாள் பெரியவள். "நான்தான் கடையிலேருந்து எடுத்துக் கொடுத்தேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து மறுபடி அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்கா ஆரம்பிப்பாள் என்று தம்பியும் தம்பி ஆரம்பிப்பான் என்று அக்காவும் காத்திருந்தார்கள். கடைசியில் அவள்தான் பேசினாள். அவன் நிறுத்தச் சொல்லி வந்து நின்ற அன்றைக்கு, ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது தனக்குத் தெரிந்த விஷயம்தான் என்றாள். அவன் கேட்டது தன்னைக் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. அந்த ரோஷத்தில் பேச்சை வெட்டிவிட்டாள். நீ மட்டும்தானா, நானும் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்று சொல்ல வந்த சின்னவன், அவளுடைய கோட்டுப் பையில் பிதுங்கிக்கொண்டிருந்த கைக்குட்டையை எடுத்து அவளிடமே கொடுத்தான்.

நாலரை மணிக்கு அம்மா கண் விழித்தாள். நாக்கின் ஓரத்தைக் கடித்திருந்ததால் பேச்சு கொழகொழத்தது. முதலில் கேட்டது அறிவியல் பாடத்தை. பதிப்பகத்துக்கு போன் பண்ணிச் சொல்லியாயிற்று, ஒரு வாரம் தருகிறார்கள் என்றான் சின்னவன். நாற்பதாம் பக்கத்தில் 'நுரையீரல்' தப்பாக இருக்கிறது, அதை மறந்துவிடாதே என்றாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பெரியவள் கால்மாட்டில் நின்றாள். அவன் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வெள்ளிக்கிழமை நீ மாடிக்குப் போயிருந்தபோது என்று ஆரம்பித்தான்.

"தெரியும்," என்றாள் அம்மா. "அன்னிக்கு மதியமே பாத்தேன். தட்டு காலியா இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா என்கிட்ட கேக்கல?"

அம்மா கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தபடி பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சீங்கன்னு நெனச்சேன். என்னால அது இல்லாம இருக்க முடியலடான்னு பெத்த புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு."

நாலு நாள். ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அம்மாவும் மகனும் காபி குடித்திருக்கிறார்கள். கேட்டுவிடுவாளோ என்று அவனுக்குப் பயம், கேட்டால் என்ன நினைப்பானோ என்று அவளுக்கு. சனிக்கிழமை அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியபோது, வயதாகிவிட்டது என்று சொல்லி அவளே சிரித்திருந்தாள். அவனும் கூடச் சிரித்திருந்தான். அந்தச் சிரிப்பை நினைத்ததும் சின்னவனுக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அது இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு அழுத்தவும் இல்லை.

சற்று நேரம் கழித்து அம்மா பெரியவளைப் பார்த்து, நீ டாக்டரிடம் எதுவும் சொல்லிவிடாதே, நான் நாலு கடையில் வாங்கினதாக இருக்கட்டும் என்றாள். சொல்லியாயிற்று என்றாள் பெரியவள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூடின இமையோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

பெரியவள் ஆறரை மணிக்குக் கடைக்குப் போனாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சின்னவன் தடுத்துப் பார்த்தான். நாளைக்கு என்றால் நாளன்றைக்கு ஆகும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அவள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தவர். அம்மா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"உங்கம்மாவுக்கு மட்டும்தானாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் கடைக்கு வரும் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன.

மகன் விபத்தில் போன ஒரு தாய். ராத்திரி முழுக்க வங்கி வாசலில் நின்றுவிட்டுப் பகலில் தூக்கம் வராத காவலாளி. பரீட்சைத் தாள் திருத்தும் மாதத்தில் மட்டும் என்று ஆரம்பித்த கல்லூரி ஆசிரியை. சீட்டு தொலைந்துவிட்டது என்றார்கள், டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள், உன்னை விட்டால் யாரம்மா தருவார்கள் என்றார்கள். யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. நல்ல மனசுக்காரி என்று அந்தத் தெருவே சொல்லும். இப்போது அவர்கள் எத்தனை மாத்திரைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருவர்கூட ஆரம்பித்த அளவில் இல்லை.

"எத்தனை பேரு?" என்றார் கடைக்காரர்.

"பதினஞ்சு இருக்கும். சரியாத் தெரியல. எழுதிப் பாக்கணும்."

அவர் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவைத் திறக்கும்போது வாசல்படியில் நிழல் விழுந்தது. அந்தக் காவலாளிதான். வேலைக்குப் போகிற வழி, சீருடையில் இருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்றை மாற்றிப் போட்டிருந்தார். காலரெல்லாம் நனைந்திருந்தது.

"வழக்கமானது குடும்மா," என்றார். "முந்தாநாளே தீந்துபோச்சு. நேத்து வந்தேன், கடை பூட்டியிருந்துச்சு. கை நிக்கவே மாட்டேங்குது, பாரு."

கையை நீட்டிக் காட்டினார். பெரியவள் அதைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே நடுக்கம்.

அவர் கையில் சீட்டு இல்லை. என்றைக்கும் இருந்ததில்லை. கொடுத்தால், ஒன்பது வருடமாக அம்மாவுக்குச் செய்ததை இந்த நிமிடமும் செய்கிறாள். இல்லை என்று திருப்பி அனுப்பினால், வெள்ளிக்கிழமை தம்பி செய்ததைச் செய்கிறாள்.

கடைக்காரர் துணியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். காவலாளி இன்னும் கையை மடக்கவில்லை. பெரியவளின் கை பழக்கத்தில் மூன்றாவது இழுப்பறையை நோக்கிப் போய், பாதி வழியில் நின்றது.

"உள்ள வந்து உக்காருங்க," என்றாள். இழுப்பறையை விட்டுவிட்டு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.